ஸ்பாம்அசாசின் விதிகள்: பொதிக்குள் கட்டுவதா, தனியே புதுப்பிப்பதா?

நிலைக்கல் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அஞ்சல் சர்வர்கள் எல்லாம் டெபியன் லினக்ஸின் நிலைப்பதிப்பில் இயங்குகின்றன. வெளியிலிருந்து எதையும் நேரடியாகப் பதிவிறக்க அவற்றுக்கு அனுமதி இல்லை. உள்ளகக் களஞ்சியத்தில் சோதித்துக் கையொப்பமிட்டு வைத்த பொதிகள் (நிறுவத் தயாரான மென்பொருள் தொகுப்புகள்) மட்டுமே உள்ளே வரலாம் என்பது எங்கள் பாதுகாப்புக் குழு வகுத்த ஒழுங்கு. குப்பை அஞ்சலை வடிகட்டும் ஸ்பாம்அசாசின் நிரலும் அப்படித்தான் நிறுவப்பட்டுள்ளது. நிரலைப் பொறுத்தவரை இந்த ஒழுங்கு நன்றாகவே வேலை செய்கிறது. குப்பை அஞ்சலைக் கண்டறியும் விதிகளோ பொதி கட்டப்பட்ட நாளிலேயே உறைந்து நின்றுவிடுகின்றன.

விதிகளையும் ஒரு தனிப் பொதியாகக் கட்டி, வாரம் ஒரு முறை களஞ்சியத்தில் ஏற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். எந்தச் சர்வரில் எந்த விதித்தொகுப்பு இருக்கிறது என்பதைப் பொதியின் பதிப்பெண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம். சிக்கல் வந்தால் முந்தைய பதிப்புக்குத் திரும்பிவிடலாம். விதிகளை இணையத்திலிருந்து புதுப்பிக்கும் எஸ்ஏ-அப்டேட் கருவியை ஒவ்வொரு சர்வரிலும் ஓடவிடுவதைவிட இது கட்டுக்கோப்பானது என்பது என் எண்ணம். இதில் நான் பார்க்கத் தவறிய இடர்கள் உண்டா? ஏற்கெனவே இப்படிச் செய்து வருபவர்கள் எவரேனும் இருக்கிறீர்களா?

சல்லடை

வணக்கம் நிலைக்கல். பொதியைக் கட்டத் தொடங்குவதற்கு முன், விதிக்கோப்புகள் எந்த வரிசையில் படிக்கப்படுகின்றன என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

விதிகள் மூன்று இடங்களிலிருந்து வரலாம். பொதியோடு வருபவை யுஎஸ்ஆர்-ஷேர் அடைவின்கீழ் இருக்கும். எஸ்ஏ-அப்டேட் கொண்டுவருபவை வார்-லிப் அடைவின்கீழ், ஸ்பாம்அசாசினின் பதிப்பெண்ணையே பெயராகக் கொண்ட உள்ளடைவில் சேரும். நீங்கள் எழுதுபவை இடிசி அடைவில், லோக்கல்.சிஎஃப் முதலான கோப்புகளில் இருக்கும். முதல் இரண்டும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. புதுப்பிப்பு அடைவு இருக்கிறது என்று தெரிந்தவுடன், பொதியோடு வந்த விதிகளை நிரல் திரும்பியும் பார்க்காது. இடிசி அடைவில் உள்ளவை எப்போதும் இவற்றுக்குப் பிறகே படிக்கப்படும் என்பதால், ஒரு விதி பொருந்தினால் அஞ்சலுக்குச் சேர வேண்டிய புள்ளி என்று அங்கே எழுதியதே இறுதியில் செல்லும்.

ஆகவே, நீங்கள் கட்டும் பொதி விதிகளை யுஎஸ்ஆர்-ஷேரில் கொண்டுபோய் வைத்தால், எப்போதோ ஒரு முறை எவராவது எஸ்ஏ-அப்டேட்டை ஓட்டிவிட்டுப் போன சர்வரில் அந்தப் பொதி நிறுவப்பட்டும் பயனற்றதாகக் கிடக்கும். பொதி மேலாளரைக் கேட்டால் புதிய பதிப்பு இருப்பதாகச் சொல்லும். நிரலோ பழைய விதிகளையே படித்துக்கொண்டிருக்கும்.

இதே காரணத்தால் இன்னொரு விபத்தும் நேர்வதுண்டு. அதிகாரபூர்வச் சேனலை (எஸ்ஏ-அப்டேட் விதிகளை இழுக்கும் வெளியீட்டு மூலத்தை) விட்டுவிட்டு, மூன்றாம் தரப்புச் சேனல் ஒன்றை மட்டும் எஸ்ஏ-அப்டேட் மூலம் இழுப்பவர்களுக்கு, புதுப்பிப்பு அடைவு உருவாகிவிடுவதால் அடிப்படை விதிகள் அனைத்தும் மறைந்துபோகும். கூடுதல் விதிகளைச் சேர்த்த பிறகு குப்பை அஞ்சல் ஏன் பெருகியது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

நிலைக்கல்

மிக்க நன்றி. ஒரே அஞ்சலுக்கு எங்கள் இரண்டு சர்வர்கள் வெவ்வேறு புள்ளிகள் தந்தது ஏன் என்பது இப்போதுதான் விளங்குகிறது. அவற்றில் ஒன்றில் பழைய புதுப்பிப்பு அடைவு இருக்கிறது. அப்படியானால் என் பொதி நேரடியாக வார்-லிப் அடைவிலேயே எழுதலாமா?

இரவுப்பணி

எழுதலாமா என்பதற்கு முன், வாரம் ஒரு முறை போதுமா என்று கேட்க வேண்டும். உறைந்த விதி சற்றே மழுங்கிய விதி, அவ்வளவுதான் என்ற எண்ணம் உங்கள் முதற்பதிவில் மறைந்திருக்கிறது. விதிகளில் ஒரு பகுதி அப்படித்தான் மழுங்கும். இன்னொரு பகுதி, தானாகவே பொய்யாக மாறும்.

2010 ஜனவரி 1 அன்று நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். அஞ்சலின் தேதி வெகுதூர எதிர்காலத்தில் இருந்தால் ஐயப்பட வேண்டும் என்பதற்காக எஃப்எச்-டேட்-பாஸ்ட்-20எக்ஸ்எக்ஸ் என்ற விதி எழுதப்பட்டிருந்தது. 2010 முதல் 2099 வரையிலான எந்த ஆண்டும் அதற்கு எதிர்காலம்தான். புத்தாண்டு பிறந்ததும் உலகில் அனுப்பப்பட்ட நேர்மையான அஞ்சல்கள் எல்லாமே அந்த விதியில் சிக்கின. ஓர் அஞ்சலைக் குப்பை என்று முடிவு செய்யும் இயல்பான வரம்பு 5 புள்ளி; இந்த ஒரு விதியே பெரும்பாலான அமைப்புகளில் 3 புள்ளிக்கு மேல் கொடுத்தது. மேம்பாட்டுக் கிளையில் திருத்தம் ஏற்கெனவே இருந்தபோதும், அது நிலைப்பதிப்பின் விதிகளுக்குள் வந்திருக்கவில்லை. அன்றே எஸ்ஏ-அப்டேட் வழியாகத் திருத்தம் வெளியானது. அதை ஓட்டியவர்கள் அன்றே தப்பினார்கள். பொதியை மட்டும் நம்பியிருந்தவர்கள் பொதி வரும்வரை காத்திருந்தார்கள்.

டிஎன்எஸ் (இணையப் பெயர்த் தேடல் அமைப்பு) வழியாகக் கேட்கப்படும், குப்பை அனுப்புநர்களின் தடைப்பட்டியல்களின் கதை இதைவிட மோசம். ஏஎச்பிஎல் என்ற பட்டியல் தன் சேவையை நிறுத்திய பிறகும் பழைய அமைப்புகள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததால், 2015 தொடக்கத்தில் எந்தப் பெயரைக் கேட்டாலும் ‘பட்டியலில் உண்டு’ என்றே விடை வரும்படி மாற்றிவிட்டார்கள். அதற்கு முன்பே அந்த விதி புதுப்பிப்பில் நீக்கப்பட்டிருந்தது. புதுப்பிக்காதவர்களிடம் அந்த ஒரு விதி எல்லா அனுப்புநர்களையும் குற்றவாளியாக்கியது. 2024 ஜூனில் எஸ்ஓஆர்பிஎஸ் பட்டியலும் மூடப்பட்டது. பட்டியல் மூடப்படும் நாளை உங்கள் வாராந்தரப் பொதியின் நாளோடு பொருத்தி எவரும் முடிவு செய்யப்போவதில்லை.

சுருக்கமாகச் சொன்னால், பொதியின் நிலைத்தன்மையை விதிக்கும் பொருத்திப் பார்ப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. ஸ்பாம்அசாசின் திட்டமே 2010-இல் வந்த 3.3.0 பதிப்பிலிருந்து விதிகளை மூல நிரல் தொகுப்பிலிருந்து பிரித்துவிட்டது; நிறுவியதும் எஸ்ஏ-அப்டேட்டை ஓட்ட வேண்டும் என்பது அன்று முதல் உள்ள நடைமுறை. அவர்களே பிரித்துவைத்ததை நாம் ஏன் மீண்டும் சேர்த்துக் கட்ட வேண்டும்?

பொதிகட்டி

இரவுப்பணி சொல்லும் நிகழ்ச்சிகள் உண்மை. ஆனால் அவற்றிலிருந்து ‘ஒவ்வொரு சர்வரும் வெளியே போய்த் தானாக இழுத்துக்கொள்ளட்டும்’ என்ற முடிவுக்கு வருவது அவசரம். விதி என்பது வெறும் தரவு என்று பலர் கருதுகிறார்கள். சிவிஇ-2018-11805 என்ற பாதுகாப்புக் குறைபாடு அந்தக் கருத்தை உடைத்தது: தீய நோக்கோடு எழுதிய விதிக்கோப்பு ஒன்று, எந்த வெளியீடும் பிழைச்செய்தியும் இல்லாமல் சர்வரில் கட்டளைகளை இயக்க முடிந்தது. 2019 டிசம்பரில் வந்த 3.4.3 பதிப்பில் அது சரிசெய்யப்பட்டது. புதுப்பிப்பில் வரும் செருகுநிரல் ஏற்றும் வரிகளை எஸ்ஏ-அப்டேட் இயல்பாகவே முடக்கிவிடும் என்பதும், அதற்கென்று ஒரு தேர்வைக் கொடுத்தால்தான் அனுமதிக்கும் என்பதும் சரிதான். இருப்பினும் ஒரு சேனலைச் சேர்ப்பது, அதை நடத்துபவருக்கு உங்கள் சர்வரின் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பானது. நிலைக்கல்லின் பாதுகாப்புக் குழுவைப் பழமைவாதிகள் என்று ஒதுக்கிவிட முடியாது.

கையொப்பச் சரிபார்ப்பையும் இங்கே சொல்லியாக வேண்டும். கையொப்பத்தைச் சரிபார்க்கும் ஜிபிஜி சாவி ஏறாமல் புதுப்பிப்பு தோற்றுப்போகும்போது, சரிபார்ப்பையே அணைத்துவிடும் தேர்வைச் சேர்த்து ஓட்டுங்கள் என்று அறிவுரை சொல்பவர்கள் இணையம் முழுவதும் இருக்கிறார்கள். சாவியை முறையாக இறக்குமதி செய்ய ஒரே ஒரு கட்டளை போதும். அதற்குச் சோம்பி, ஒவ்வொரு நாளும் கையொப்பமற்ற கோப்பை ஏற்றுக்கொள்வதை என்னால் விளங்கிக்கொள்ளவே முடியவில்லை.

பழைய நிரலை உறையவைப்பதற்கும் ஒரு விலை உண்டு. எஸ்எச்ஏ-1 என்ற பழைய வகைச் செக்சம்களோடு (கோப்பு மாறாமல் வந்ததைச் சரிபார்க்கும் குறியீடுகள்) விதிகளை வெளியிடுவதை 2020 மார்ச் 1 முதல் நிறுத்தப்போவதாகத் திட்டம் முன்கூட்டியே அறிவித்தது. 3.4.2-க்கு முந்தைய பதிப்புகளால் புதிய செக்சம்களைச் சரிபார்க்க இயலாது. ஆகவே விதிகளைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கலாம், நிரலை மட்டும் தொடாமல் வைத்திருக்கலாம் என்ற வழியும் ஓரிடத்தில் அடைபட்டுவிடும்.

என் பரிந்துரை இடைநிலையானது. வெளியே செல்ல அனுமதி பெற்ற ஒரே ஒரு சோதனைச் சர்வர் நாள்தோறும் இழுக்கட்டும். சோதித்துத் தேறியதை மற்றவற்றுக்கு அதுவே கொடுக்கட்டும். அது பொதி வடிவில் போகிறதா, உள்ளகச் சேனலாகப் போகிறதா என்பது அடுத்த கேள்வி.

சல்லடை

உள்ளகச் சேனலே மேல் என்பேன். எஸ்ஏ-அப்டேட் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் காரணம் புரியும்.

கருவி முதலில் எந்தக் கோப்பையும் இழுப்பதில்லை. பதிப்பெண்ணைத் தலைகீழாக்கிச் சேனலின் பெயருக்கு முன் சேர்த்து, டிஎன்எஸ்-இல் டிஎக்ஸ்டி பதிவு (உரைக்குறிப்பு) ஒன்றைக் கேட்கிறது. 4.0.0 பதிப்புக்கு, அதிகாரபூர்வச் சேனலின் பெயருக்கு முன் 0.0.4 என்று வரும். விடையாக ஓர் எண் கிடைக்கும். அது விதிகள் வைக்கப்பட்டுள்ள சப்வெர்ஷன் களஞ்சியத்தின் திருத்த எண். கையிலிருக்கும் எண்ணைவிட அது பெரியதாக இருந்தால் மட்டுமே மிரர் (நகல் சர்வர்) பட்டியலைப் பார்த்து, சுருக்கப்பட்ட தொகுப்பையும் செக்சத்தையும் கையொப்பத்தையும் இழுக்கும். பிறகு தற்காலிக அடைவில் விரித்து, இலக்கணப் பிழை பார்த்து, தேறினால்தான் பழையதை நீக்கிப் புதியதை வைக்கும். தேறாவிட்டால் பழைய விதிகள் அப்படியே நிற்கும்.

இந்த ஏற்பாட்டில் அதிகாரபூர்வச் சேனலுக்கென்று தனிச்சலுகை எதுவும் இல்லை. உங்கள் உள்ளக டிஎன்எஸ்-இல் இரண்டு டிஎக்ஸ்டி பதிவுகள், ஓர் உள்ளக இணைய சர்வர், உங்களுடைய ஜிபிஜி சாவி ஆகியவை இருந்தால் உங்களுக்கென்று ஒரு சேனல் தயார். சரிபார்ப்பு, பிழைபார்ப்பு, இடமாற்றம் ஆகிய மூன்றையும் கருவியே செய்துகொள்ளும். பொதியாகக் கட்டினால் இவை அனைத்தையும் நிறுவல் நிரலில் நீங்களே எழுத வேண்டியிருக்கும். பொதி மேலாளருக்குத் தெரிந்த கோப்புகளை எஸ்ஏ-அப்டேட் அழிப்பதும், எஸ்ஏ-அப்டேட் வைத்தவற்றைப் பொதி மேலாளர் மேலெழுதுவதும் ஒருநாள் நடந்தே தீரும். வார்-லிப் அடைவில் எழுதலாமா என்ற உங்கள் கேள்விக்கு இதுவே என் விடை: ஒரே அடைவுக்கு இரண்டு உரிமையாளர்கள் வேண்டாம். அந்த உள்ளகச் சேனலில் அடிப்படை விதிகளின் முழுத்தொகுப்பும் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறவாதீர்கள். காரணம் முன்பே சொன்னதுதான்.

உரிமையாளர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. டெபியனில் நாள்தோறும் ஓடும் பராமரிப்புப் பணி, டெபியன்-ஸ்பாம்டி என்ற பயனர் பெயரில் ஓடுகிறது. இடையில் எவராவது ரூட் கணக்கிலிருந்து எஸ்ஏ-அப்டேட்டைக் கையால் ஓட்டினால், உருவாகும் கோப்புகள் ரூட்டுக்குச் சொந்தமாகி, அடுத்த நாள் முதல் தானியங்கிப் பணி எழுத முடியாமல் தோற்கும். கையால் ஓட்டுவதாக இருந்தாலும் அந்தப் பயனராகவே ஓட்டுங்கள்.

நிலைக்கல்

உள்ளகச் சேனல் எங்கள் ஒழுங்குக்கும் பொருந்தும். பாதுகாப்புக் குழுவிடம் எடுத்துச் சொல்லவும் எளிது. ‘சோதித்துத் தேறியது’ என்று பொதிகட்டி சொன்னதை இன்னும் சற்று விளக்குவீர்களா? இலக்கணப் பிழை பார்த்தால் போதாதா?

இரவுப்பணி

போதவே போதாது. 2010-இல் சிக்கிய விதிக்கு இலக்கணப் பிழை எதுவும் இல்லை; பொருள்தான் பிழை. லின்ட் எனப்படும் அந்த இலக்கணச் சோதனையில் அது எந்த நாளும் தேறியிருக்கும்.

நல்ல அஞ்சல்கள், குப்பை அஞ்சல்கள் என இரு தொகுப்புகளைச் சேர்த்து வையுங்கள். நல்லவற்றின் தொகுப்பில் தானியங்கி அறிவிப்புகள், செய்திமடல்கள், விலைப்பட்டியல்கள், கடவுச்சொல் மாற்ற அஞ்சல்கள் ஆகியவை கட்டாயம் இருக்கட்டும். விதிகள் தவறாகப் பிடிப்பது பெரும்பாலும் அவற்றைத்தான், இரண்டு நண்பர்களின் கடிதங்களை அல்ல. பழைய விதித்தொகுப்பாலும் புதியதாலும் ஒரே தொகுப்பை ஓட்டி, ஒவ்வோர் அஞ்சலும் பெற்ற புள்ளிகளின் வேறுபாட்டைப் பாருங்கள். நல்ல அஞ்சல் ஒன்று புதிதாக வரம்பைத் தாண்டினால் சேனலின் எண்ணை உயர்த்தாமல் நிறுத்திவிட வேண்டும்.

இதில் பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. பழைய அஞ்சலுக்கு இன்று தடைப்பட்டியலைக் கேட்டால் இன்றைய விடைதான் வரும்; அஞ்சல் வந்த நாளின் விடை வராது. அதனால் சோதனையை வலைத் தேடல்கள் இல்லாமல் உள்ளூர் முறையில் ஓட்டுகிறோம். ஆனால் ஸ்பாம்அசாசினில் ஒரு விதிக்கு நான்கு புள்ளிகள் வரை இருக்கலாம்: பேயஸும் (பழைய அஞ்சல்களிலிருந்து கற்கும் புள்ளியியல் வடிகட்டி) வலையும் இல்லாத நிலை, வலை மட்டும், பேயஸ் மட்டும், இரண்டும் சேர்ந்த நிலை. உள்ளூர் முறையில் ஓட்டினால் பயன்பாட்டுச் சர்வரில் செல்லாத வேறொரு புள்ளி வரிசை எடுத்துக்கொள்ளப்படும். எனவே சோதனையில் வரும் எண்ணை உண்மையான புள்ளியாகக் கொள்ளக் கூடாது; பழையதற்கும் புதியதற்கும் இடையிலான மாற்றத்தை மட்டுமே நம்பலாம். இயன்றால் எந்தெந்த விதிகள் புதிதாகப் பொருந்தின என்பதைப் பட்டியலிட்டு, அவற்றின் நான்காவது வரிசைப் புள்ளியைத் தனியே கூட்டிப் பாருங்கள். பேயஸும் வலையும் இயங்கும் சர்வரில் செல்வது அந்த நான்காவதுதான்.

நிறுத்தி வைக்கும் காலம் ஒரு நாளுக்கு மேல் போகக் கூடாது என்பது என் கருத்து. விதிப் புள்ளிகள் தன்னார்வலர்களின் அஞ்சல் தொகுப்புகளில் இரவுதோறும் நடக்கும் பெருஞ்சோதனையிலிருந்து கணிக்கப்படுகின்றன. இன்று பரவும் குப்பைக்கு எதிரான விதியை அடுத்த வாரம் ஏற்றினால், நீங்கள் சோதித்தது மிச்சம்; பயன் இருக்காது.

பொதிகட்டி

ஒரு நாள் என்பதில் எனக்குச் சிறு மறுப்பு. வார இறுதியில் தவறான பிடிப்பு நேர்ந்தால் கவனிக்க ஆள் இல்லாத இடங்களில், வெள்ளிக்கிழமை வந்ததைத் திங்கள் வரை நிறுத்துவதில் தவறில்லை. குப்பை ஒன்று கூடுதலாக உள்ளே வருவதைவிட நல்ல அஞ்சல் ஒன்று காணாமல் போவது பெரிய இழப்பு.

இரவுப்பணி

ஏஎச்பிஎல் போன்ற ஒன்று வார இறுதியில் நடந்தால், நீங்கள் நிறுத்தி வைத்ததுதான் நல்ல அஞ்சலைத் தொலைக்கும். நம் இருவரின் அச்சமும் ஒன்றே. எந்தப் பக்கத்திலிருந்து ஆபத்து வரும் என்பதில்தான் வேறுபடுகிறோம்.

சல்லடை

அந்த வாதத்திற்குள் போகாமல், கண்காணிப்பைப் பற்றிச் சொல்கிறேன். எஸ்ஏ-அப்டேட் முடியும்போது தரும் குறியெண்களைப் பணிநிரல்கள் பெரும்பாலும் தவறாகக் கையாளுகின்றன. 0 என்றால் புதியது நிறுவப்பட்டது. 1 என்றால் புதிதாக ஒன்றுமில்லை, இது பிழை அன்று. 2 என்றால் உங்கள் சொந்த அமைப்புக் கோப்புகளே பிழைபார்ப்பில் தேறவில்லை. 3 என்றால் சில சேனல்கள் வந்தன, சில தோற்றன. 4 முதல் மேலே உள்ளவை முழுத் தோல்வி. சுழியம் அல்லாத எல்லாவற்றையும் பிழையாகக் கருதும் பணிநிரல் நாள்தோறும் வீண் எச்சரிக்கை அனுப்பி, சில நாட்களில் எவரும் அதைப் படிக்காத நிலையை உண்டாக்கிவிடும்.

குறியெண் 1 வந்தால் எல்லாம் நலம் என்றும் இருந்துவிடக் கூடாது. 2017-இல் திட்டத்தின் கட்டமைப்பை மாற்றியமைத்த காலத்தில் பல மாதங்களுக்கு விதிகளே வெளிவரவில்லை. அப்போது எல்லாச் சர்வர்களும் ஒழுங்காக 1 என்று சொல்லிக்கொண்டிருந்தன. ஆகவே குறியெண்ணோடு, நிறுவிய விதித்தொகுப்பின் வயதையும் தனியே கண்காணியுங்கள்.

புதிய விதிகள் வட்டில் வந்து சேர்ந்தால் மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். விதிகளை வேகமாக இயங்கும் வடிவுக்கு மாற்றும் எஸ்ஏ-கம்பைல் கருவியைப் பயன்படுத்துபவர்கள் அதை மீண்டும் ஓட்ட வேண்டும். பிறகு, பின்னணியில் ஓடும் ஸ்பாம்அசாசின் சேவையான ஸ்பாம்டியை மறுஏற்றம் செய்ய வேண்டும். அமாவிஸ் என்ற அஞ்சல் வடிகட்டி இடைநிரலைப் பயன்படுத்தும் இடங்களில் ஸ்பாம்டி ஓடுவதே இல்லை. அமாவிஸ் ஸ்பாம்அசாசினை ஒரு நூலகமாகத் தனக்குள் ஏற்றிக்கொள்வதால், அதையே மறுஏற்றம் செய்தாக வேண்டும். டெபியனில் புதுப்பிப்புக்குப் பிந்தைய செயல்களுக்கென்று ஒரு கொக்கி அடைவு உள்ளது. மறுஏற்றக் கட்டளையை அங்கே வைப்பதே முறை.

நிலைக்கல்

எங்களிடம் இருப்பது அமாவிஸ்தான். கொக்கி அடைவைப் பார்க்கிறேன். அடுத்து டெபியன் 12-க்கு மாறும்போது ஸ்பாம்அசாசின் 4.0 வரும். விதிகள் தொடர்பாக அங்கே கவனிக்க வேண்டியது என்ன?

பொதிகட்டி

முதலாவது, புதுப்பிப்பு அடைவின் பெயரில் பதிப்பெண் இருப்பதால், நிரல் மாறிய கணமே பழைய அடைவு புறக்கணிக்கப்பட்டு, பொதியோடு வந்த விதிகளுக்கு நிரல் திரும்பிவிடும். நிரலை ஏற்றிய உடனேயே எஸ்ஏ-அப்டேட்டை ஓட்டுவதை மேம்படுத்தல் நடைமுறையிலேயே சேர்த்துவிடுங்கள். உங்கள் உள்ளக டிஎன்எஸ்-இல் புதிய பதிப்பெண்ணுக்கான பதிவையும் முன்கூட்டியே உருவாக்குங்கள். இல்லையேல் புதிய நிரல் உங்கள் சேனலில் ஒன்றையும் காணாது.

இரண்டாவது, 2022 டிசம்பரில் வந்த 4.0.0 பதிப்பில் வைட்லிஸ்ட், பிளாக்லிஸ்ட் என்ற சொற்கள் வெல்கம்லிஸ்ட், பிளாக்-லிஸ்ட் என மாறின. பழைய பெயரில் கருப்பு என்றிருந்த ‘பிளாக்’ இப்போது தடுப்பு என்ற பொருளில் வருகிறது. பழைய அமைப்பு வரிகள் இன்னும் ஏற்கப்படுகின்றன. லோக்கல்.சிஎஃப் கோப்பில் பழைய விதிப்பெயருக்குப் புள்ளி மாற்றி எழுதியிருந்தால், அது எதிர்பார்த்தபடி நடக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

மூன்றாவது, எஸ்ஏ-அப்டேட்டை நாள்தோறும் ஓட்டும் கிரான் பணியை இயக்க முன்பு ஒரு கோப்பில் 1 என்று மாற்றி வைத்திருப்பீர்கள். அந்த வேலையை இப்போது ஸ்பாம்அசாசின்-மெயின்டெனன்ஸ் என்ற சிஸ்டம்டி டைமர் செய்கிறது. பழைய கோப்பு அப்படியே இருப்பதைப் பார்த்து, பணி ஓடுகிறது என்று நம்பிவிடாதீர்கள்.

நிலைக்கல்

இதுவரை கிடைத்தவற்றை வைத்து, ஒரு சோதனைச் சர்வர், உள்ளகச் சேனல், ஒரு நாள் நிறுத்தம் என்று தொடங்குகிறேன். வார இறுதி பற்றிய வாதத்தைப் பாதுகாப்புக் குழுவின் முன் வைக்கிறேன். ஓர் ஐயம் மீதமிருக்கிறது. சோதனையையும் தாண்டி ஒரு மோசமான விதி எல்லாச் சர்வர்களுக்கும் போய்விட்டால், சேனலின் எண்ணைக் குறைத்தால் பழையது திரும்ப வருமா?

சல்லடை

வராது. கருவி கையிலிருப்பதைவிடப் பெரிய எண்ணையே புதியதாகக் கருதும். பழைய தொகுப்பையே இன்னும் பெரிய எண்ணோடு மீண்டும் வெளியிட வேண்டும். உங்களுடைய சேனல் என்பதால் எண்ணிடும் முறையும் உங்கள் கையில். அதிகாரபூர்வத் திருத்த எண்ணை அப்படியே பயன்படுத்தாமல், இதற்கு இடம் விட்டு எண்ணிடுங்கள்.

அதுவரை காத்திருக்க முடியாத நேரத்தில், அந்த விதியின் புள்ளியைச் சுழியமாக்கும் ஒரு வரியை இடிசி அடைவில் தனிக்கோப்பாக வைத்து, உங்கள் அமைப்பு மேலாண்மைக் கருவி வழியாக எல்லாச் சர்வர்களுக்கும் அனுப்பி அமாவிஸை மறுஏற்றம் செய்யுங்கள். சுழியப் புள்ளி பெற்ற விதி இயக்கப்படுவதே இல்லை. புதுப்பிப்பு அடைவுக்குள் போய் விதிக்கோப்பை நேரடியாகத் திருத்த மட்டும் வேண்டாம்; அடுத்த புதுப்பிப்பில் அந்தத் திருத்தம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்.

இரவுப்பணி

அந்தத் தனிக்கோப்பின் ஒவ்வொரு வரிக்கும் மேலே, எந்தத் தேதியில், எந்தத் தவறான பிடிப்புக்காக எழுதப்பட்டது என்று குறிப்பு எழுதுங்கள். ஸ்பாம்அசாசின் திட்டத்தில் விதி திருத்தப்பட்ட பிறகும் சுழியம் அங்கேயே கிடந்தால், சரியான விதி ஒன்று உங்களிடம் மட்டும் நிரந்தரமாக முடங்கியிருக்கும். எந்தக் குறியெண்ணும் அதைச் சொல்லாது. மாதம் ஒரு முறை அந்தக் கோப்பை வெறுமையாக்கிச் சோதனைச் சர்வரில் தொகுப்பை ஓட்டிப் பாருங்கள். தேவைப்படும் வரிகளை மட்டும் திரும்ப எழுதினால் போதும்.